டார்ச் பிடித்தவள்

ஆமா சார், பெட்டியில ஒட்டியிருக்கிற சீட்டு பிளேன்ல போட்டதுதான். அமெரிக்காலருந்து வாரேன். நேத்து மெட்ராஸ்ல இறங்கி, காலைல மதுரைக்கு வந்து, இந்த பஸ்ல இடம் பிடிச்சாச்சு. கோவில்பட்டில இறங்கிருவேன். நீங்க திருநெல்வேலி வரைக்குமா? நல்லது. ரெண்டு மணி நேரம் பேச்சுத் துணை ஆச்சு.

தனியாத்தான் வாரேன். போகும்போது ரெண்டு பேரு. இல்ல இல்ல, அப்படி ஒண்ணும் ஆகல, அவ நல்லாத்தான் இருக்கா. மக வீட்ல இருக்கா. ஆறு மாசத்துக்குப் போட்ட டிக்கெட்டு. நாலாவது மாசமே எனக்கு மட்டும் தேதியை மாத்தி அனுப்பிட்டாங்க.

மேற்கொண்டு கேக்கலாமா வேண்டாமான்னு நீங்க யோசிக்கிறது தெரியுது. நானே சொல்றேன். வீட்டுக்குப் போயி கதவைத் திறந்தா அங்க யார்கிட்ட சொல்ல?

என் பேரு பேச்சிமுத்து. மின்வாரியத்துல முப்பத்தி நாலு வருஷம். ஹெல்பரா உள்ள போயி போர்மேனா வெளிய வந்தவன். நான் வேலை வாங்கின விதத்தை நீங்க இந்தப் பக்கம் யாரை வேணும்னாலும் கேக்கலாம். எல்.சி.ன்னு ஒண்ணு உண்டு சார். லைன் கிளியர். கரண்டை நிறுத்தியாச்சு, இப்ப கை வைக்கலாம்னு சப்-ஸ்டேஷன்ல இருந்து எழுதி வாங்குறது. அது கையில இல்லாம என் ஆளுங்க ஒருத்தன் கம்பத்துல கால் வைக்க முடியாது. பெரிய ஆபீசர் ஜீப்பை நிப்பாட்டி சீக்கிரம் சீக்கிரம்னாலும் முடியாது. முப்பத்தி நாலு வருஷத்துல என் ஆளு ஒருத்தன் கையில ஒரு கொப்புளம் வந்தது கிடையாது. அதைச் சொல்லிக்கிறதுல எனக்கு ஒரு பெருமை உண்டு.

என் வீட்டுக்காரி பேரு செண்பகவல்லி. எங்க ஊரு அம்மன் பேரு. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம். என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினவ இல்ல. வீட்ல ஃபேன் மாட்டணுமா, மோட்டாரைக் கழட்டணுமா, நான் ஸ்டூல் மேல ஏறினா அவ கீழ டார்ச்சோட நிப்பா. இங்கன காட்டு, அங்கன காட்டுன்னு சொல்லவே வேண்டாம். என் கை போற இடத்துக்கு வெளிச்சம் தானாப் போகும். என்கிட்ட வேலை பார்த்த ஹெல்பர்மாருகூட அப்படிக் காட்டினது இல்ல.

அந்தச் செண்பகவல்லிதான் சார், அந்நிய தேசத்துல, யூனிபாரம் போட்டவங்க முன்னாடி, என்னைக் காட்டிக் குடுத்தா.

மக பேரு முத்தரசி, வீட்ல அரசி. ஒரே பிள்ளை. மாப்பிள்ளை பரமேஸ்வரன் கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்காரு. மிச்சிகன்னு சொல்ற ஊரு. குளிர்னா உங்க ஊரு எங்க ஊரு குளிர் இல்ல. மூக்கைத் தொட்டா மூக்கு இருக்கான்னு சந்தேகம் வரும். மக பிரசவத்துக்குத்தான் போனோம். பொம்பளப் பிள்ளை. மகிழினின்னு பேரு வெச்சாங்க. நான் பாப்பான்னுதான் கூப்பிடுவேன். என் ஆள்காட்டி விரலைப் பிடிச்சான்னா விடமாட்டா. அப்படி ஒரு பிடி.

அங்க வீடெல்லாம் மரவீடு சார். வீட்டுக்கு அடியில ஒரு அறை, பேஸ்மென்ட்னு சொல்வாங்க. அங்க பீரோ உயரத்துக்கு ஒரு மிஷின். கேஸ்ல எரியும். அந்தச் சூட்டைக் காத்தாடி வெச்சு வீடு பூரா அனுப்பும். வெயில் காலத்துக்கு அதே குழாய் வழியா குளிர்ந்த காத்து. ரெண்டுக்கும் சேர்த்து ஹால் சுவத்துல சின்னதா ஒரு பெட்டி, தெர்மோஸ்டாட். எத்தனை டிகிரி வேணும்னு அதுல வெச்சுட்டா மிஷின் தானா எரியும், தானா அணையும். மகளும் மாப்பிள்ளையும் அறுபத்தெட்டுல வெப்பாங்க, அங்க ஃபாரன்ஹீட், நம்ம கணக்குக்கு இருபது டிகிரி. அவங்க கணக்குல அது போதுமாம். பச்சப் பிள்ளை இருக்கிற வீட்ல எப்படிப் போதும்? நான் போற வர்றப்ப ரெண்டு மூணு டிகிரி ஏத்திட்டுப் போவேன். முத்தரசி வந்து இறக்குவா. நான் ஏத்துவேன். ஆபீஸ்ல இருந்தே பாத்துக்கிற மாதிரி இருந்தா நல்லதுன்னு மாப்பிள்ளை போன்ல ஓடுற புதுப் பெட்டி ஒண்ணு வாங்கிட்டு வந்தாரு. நான் ஏத்துறதைப் பாக்கத்தான் வாங்கினாங்களோ என்னவோ.

பெட்டி வந்து மேசை மேல கிடந்துச்சு. சனிக்கிழமை ஆள் வந்து மாட்டுவான்னு மாப்பிள்ளை சொன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. ஒரு வெத்தலைப் பெட்டி அளவு சாமான், அதுக்கு ஒரு ஆளா? மாப்பிள்ளை, நான் மாட்டித் தாரேன்னேன். வேண்டாம் மாமா, இது ஹீட்டிங் சம்பந்தப்பட்டது, தெரிஞ்சவங்க செய்யட்டும்னாரு. தெரிஞ்சவங்க. அவர் தப்பா நினைச்சுச் சொல்லல, எனக்குத் தெரியும். ஆனா அந்த வார்த்தை உள்ள போயி உக்காந்துக்கிட்டு இருந்துச்சு.

புதன்கிழமை. மாப்பிள்ளை ஆபீஸ் போயிட்டாரு. முத்தரசி பாப்பாவுக்குப் பால் குடுத்துட்டு மாடியில தூங்குறா. நான் செண்பகத்தைக் கூப்பிட்டேன். டார்ச்சை எடுத்துட்டு வான்னேன். எதுக்குன்னு அவ கேக்கல. எடுத்துட்டு வந்தா.

பழைய பெட்டியைச் சுவத்துல இருந்து கழட்டினேன். பின்னால அஞ்சு வயரு. சிவப்பு, வெள்ளை, மஞ்சள், பச்சை, நீலம். புதுப் பெட்டிக்குள்ள ஒரு புஸ்தகம் இருந்துச்சு. அதுல முதல் பக்கத்துலயே படம் போட்டிருக்கான், மெயினை நிறுத்து, மிஷினோட சுவிட்சை நிறுத்து, வயரைக் கழட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துக்க, ஒவ்வொண்ணுக்கும் சீட்டு ஒட்டு, நிறத்தை நம்பாதன்னு. சீட்டுகூட ஒட்டுற மாதிரி உள்ளயே வெச்சிருக்கான். இருபத்தி நாலு வோல்ட்டு சார். பதினொராயிரம் வோல்ட்டுல நின்னவன் நான். இருபத்தி நாலு வோல்ட்டுக்கு எல்.சி. வாங்கச் சொன்னா?

செண்பகம் கேட்டா. கரண்டை அணைக்க வேண்டாமான்னு. மெதுவாத்தான் கேட்டா. நீ வெளிச்சத்தைக் காட்டுன்னேன். காட்டினா.

சிவப்பை உருவும்போது நீலத்துல பட்டுருச்சு. ஒரு சின்னப் பொறி. அவ்வளவுதான். புதுப் பெட்டியை மாட்டிப் பாத்தா அதோட முகத்துல வெளிச்சமே வரல. கீழ மிஷினும் நின்னு போச்சு. வெளிய பனி கொட்டுது. வீடு மெல்ல மெல்லச் சில்லுன்னு ஆகுது. மாடியில பச்சப் பிள்ளை. அப்ப நான் என்ன செய்யணும், நீங்களே சொல்லுங்க. மகளை எழுப்பி, அம்மா நான் கெடுத்துட்டேன்னு சொல்லவா?

பேஸ்மென்ட்டுக்குப் போனேன். செண்பகமும் வந்தா. மிஷினோட கீழ்க்கதவைக் கழட்டினேன். உள்ள ஒரு போர்டு. அதுல ஊதா நிறத்துல ஒரு குட்டி ஃபியூஸ், கார்ல இருக்குமே அந்த மாதிரி. அதுதான் போயிருக்கு. அம்புட்டுத்தான் விஷயம். நம்ம ஊர்ல என்ன செய்வோம்? ஒரு வயரைச் சீவி, ஒரு இழையை எடுத்து, ரெண்டு காலுக்கும் சுத்திவிட்டேன். கதவு ஓரத்துல ஒரு பித்தான் இருந்துச்சு. கதவு மூடியிருந்தா அதை அமுக்கும், கதவு திறந்தா கரண்டு நிக்கும். திறந்து வெச்சு வேலை பாக்க முடியலையேன்னு அந்தப் பித்தானை அமுக்கி டேப்பு ஒட்டினேன். உடனே மிஷின் உயிர் வந்து எரிஞ்சுச்சு சார். நீல நெருப்பு. பாக்கவே அழகா இருந்துச்சு. மேல போயிப் பாத்தா புதுப் பெட்டியும் பளிச்சுன்னு எரியுது. எழுபத்தாறு வெச்சேன்.

கதவை மூடிருங்கன்னு செண்பகம் சொன்னா. மூடலாம்னுதான் பாத்தேன். ஒரு பக்கம் கவ்வுது, மறுபக்கம் கவ்வ மாட்டேங்குது. எப்படிக் கழட்டினோம்னு பாக்காம கழட்டினது. சரி, காத்தாவது நல்லா வாங்கட்டும், நாளைக்குப் பாத்துக்கலாம்னு கதவைச் சுவத்துல சாத்தி வெச்சுட்டேன். அரசிகிட்ட சொல்லாத, பயந்துக்குவான்னு செண்பகத்துகிட்ட சொன்னேன். அவ தலையை ஆட்டினா. அதை நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க சார். தலையை ஆட்டினா. சம்மதம்னுதானே அர்த்தம்?

சாயங்காலம் மாப்பிள்ளை வந்தாரு. சுவத்தைப் பாத்தாரு. போனைப் பாத்தாரு. மாமா, நீங்களா மாட்டுனீங்கன்னாரு. ஆமான்னேன். பவரை ஆஃப் பண்ணிட்டுத்தானே செஞ்சீங்கன்னாரு. பின்னன்னேன். அவர் கையைக் குடுத்தாரு சார். ஆபீஸ்காரங்க மாதிரி கையைக் குலுக்கினாரு. சாப்பிடும்போது அரசிகிட்ட, உங்க அப்பா பிரமாதம்னாரு. செண்பகம் தோசை வார்த்துக்கிட்டு இருந்தா. திரும்பவே இல்ல.

வியாழக்கிழமை காலைல அரசிக்குத் தலைவலி. செண்பகத்துக்கும் தலைவலி, குமட்டல். பனிக்காலத்துல சன்னலைத் திறக்காம அடைச்சே கிடந்தா தலை வலிக்காம என்ன செய்யும்? அரசிக்கு நான் தைலம் தேச்சுவிட்டேன். எனக்கு ஒண்ணும் இல்ல, நான் காலைலயும் மத்தியானமும் ஸ்வெட்டரை மாட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் நடந்துட்டு வருவேன். வெளிக்காத்து நல்லதுன்னு அவங்களையும் கூப்பிட்டேன். யாரும் வரல. பாப்பா அன்னைக்கு அழவே இல்ல. தூங்கிக்கிட்டே இருந்தா. வீடு கதகதன்னு இருக்கு, பிள்ளை நல்லாத் தூங்குதுன்னு நான் சொன்னேன். அரசி சொன்னா, அப்பா, பாலே குடிக்க மாட்டேங்கிறாப்பான்னு. அவ சொன்ன விதம் இன்னும் காதுல இருக்கு.

அன்னைக்குத்தான் ரெண்டாம் தடவையா பேஸ்மென்ட்டுக்குப் போனேன், அந்தக் கதவை எப்படியாவது மாட்டணும்னு. முடியல. மேல வந்துட்டேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணி இருக்கும். நான் நடந்துட்டு அப்பத்தான் உள்ள வாரேன். ஷூவைக் கழட்டிக்கிட்டு இருக்கேன். மாடிப்படியில அரசி பாப்பாவைத் தூக்கிக்கிட்டு இறங்கி வந்தா. நாலு படி இறங்கினா. அப்படியே உக்காந்துட்டா. உக்காரல சார், கால் மடங்கிருச்சு. பாப்பாவை மட்டும் விடல. அம்மா, பாப்பா கண்ணைத் திறக்கமாட்டேங்கிறான்னா. செண்பகம் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே வந்தா. நான் பாப்பா கையில என் விரலை வெச்சேன். பிடிக்கல.

அரசிதான் போன் பண்ணினா. அந்த ஊர்ல போன் பண்ணி அஞ்சு நிமிஷம் ஆகாது, ஃபயர் சர்வீஸ்காரங்க வந்துட்டாங்க. சிவப்பு வண்டி, பின்னால ஆம்புலன்ஸ். வாசல்ல கால் வெச்ச உடனே ஒருத்தன் இடுப்புல மாட்டியிருந்த மீட்டரு கத்த ஆரம்பிச்சுருச்சு. அவ்வளவுதான், எல்லாரையும் வெளிய வெளியன்னு பனிக்குள்ள கொண்டு வந்துட்டாங்க. செருப்பில்லாம, போர்வையைச் சுத்தி. பாப்பாவை ஆம்புலன்ஸ்ல ஏத்தி, இத்தனூண்டு மூஞ்சிக்கு ஒரு மாஸ்க்கு. அரசிக்கும் செண்பகத்துக்கும் மாஸ்க்கு.

கார்பன் மோனாக்சைடுன்னாங்க. எரியுற இடத்துல இருந்து வர்ற விஷக்காத்து. மணமும் இல்ல, புகையும் இல்ல. புகைபோக்கி வழியா மேல போக வேண்டியதை, திறந்து கிடந்த காத்தாடி உள்ள இழுத்து வீடு பூரா அனுப்பியிருக்குன்னு பின்னால சொன்னாங்க. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? நான் லைன்காரன். அது கேஸ்காரன் வேலை.

நான் திரும்ப உள்ள போகப் பாத்தேன். செண்பகத்துக்குச் சால்வை எடுக்கப் போறேன்னு சொன்னேன். உங்ககிட்ட மறைப்பானேன், அந்தக் கதவை நிமித்தி வெச்சு, டேப்பைப் பிச்சுப் போட்டுட்டு வந்துரலாம்னுதான். ஒரு தடியன் என் தோள்ல கையை வெச்சு நிறுத்தினான். ரௌடியை நிறுத்துற மாதிரி. என் வயசுக்கு என்னை யாரும் தோளைப் பிடிச்சு நிறுத்தினது இல்ல சார்.

அவங்க ஆபீசர் ஒரு பொம்பள. உசரமா, நரைச்ச முடியோட. அரசி பக்கத்துல குனிஞ்சு கேட்டா. ஹீட்டர் மிஷினை யாராவது தொட்டீங்களா, சமீபத்துல ஏதாவது வேலை பாத்தீங்களான்னு. எனக்குப் புரிஞ்சுச்சு. அரசி என்னைப் பாத்தா.

"அப்பா, தெர்மோஸ்டாட்டு மாட்டினப்ப கீழ ஏதாவது செஞ்சீங்களா?"

"இல்லம்மா. சுவத்துல மட்டுந்தான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எப்ப இருந்து இந்தக் காத்து வருதுன்னு தெரிஞ்சாத்தான் பாப்பாவுக்கு என்ன செய்யணும்னு டாக்டர் முடிவு பண்ண முடியுமாம். கீழ போனீங்களா?"

"போகலம்மா."

மூணாவது தடவையும் கேட்டா சார், அதுக்கும் இல்லன்னேன். அந்த ஆபீசர் என் முகத்தையே பாத்துக்கிட்டு நிக்கா. தெருக்காரங்க எல்லாம் வாசலுக்கு வந்துட்டாங்க. எனக்கு அந்த நேரத்துல என்ன தோணுச்சுன்னா, போலீசைக் கூப்பிட்டு என்னைப் பிடிச்சுட்டுப் போயிருவாங்க, மாப்பிள்ளைக்கு விசா போயிரும், மக குடும்பமே நடுத்தெருவுல நிக்கும். மக குடும்பத்துக்காகத்தான் நான் இல்லன்னேன். இது யாருக்கும் புரியல.

அப்ப செண்பகம் மாஸ்க்கைக் கழட்டினா. என் பக்கம் பாக்கல. மகளைப் பாத்துச் சொன்னா.

"ஏட்டி, அவுகதான் கீழ போயித் திறந்தாக. புதன்கிழமை மத்தியானம். ஒரு பித்தானுக்கு டேப்பு ஒட்டினாக. ஃபியூசுக்குப் பதிலா கம்பி சுத்தினாக. கதவு இன்னும் திறந்துதான் கிடக்கு. நான்தான் டார்ச் பிடிச்சேன்."

அரசி அதை அப்படியே இங்கிலீஷ்ல சொன்னா. ஒரு வார்த்தை விடல. ஆபீசர் ஆம்புலன்ஸ்ல இருந்தவன்கிட்ட சொன்னா. புதன்கிழமை மத்தியானத்துல இருந்துன்னு கேட்ட உடனே அவன் முகம் மாறிப் போச்சு. பக்கத்து ஆஸ்பத்திரி வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரிக்குன்னு வண்டியைத் திருப்பினாங்க. அந்த ஒரு பேச்சால பாப்பா பிழைச்சான்னு அப்புறம் டாக்டர் சொன்னாராம். சொன்னாராம். டாக்டர்மாரு ஏதாவது சொல்லத்தான் செய்வாங்க. பிழைக்கிற பிள்ளை பிழைக்கத்தான் செய்யும்.

பாப்பா பிழைச்சுட்டா சார். அதைச் சொல்லாம விட்டுட்டேன் பாருங்க. அஞ்சு நாள் ஆஸ்பத்திரி. மூளைக்கு ஒண்ணும் இல்லன்னு இதுவரைக்கும் சொல்லியிருக்காங்க. ஆறாவது மாசத்துல ஒரு தடவை, ஒரு வயசுல ஒரு தடவை பாக்கணுமாம். ஒண்ணும் இருக்காது. என் விரலைப் பிடிக்கிறாளான்னு பாக்கணும்னு ஆசை. தூக்கத் தரல. தரலன்னு யாரும் சொல்லல. நான் பக்கத்துல போனா அரசி பாப்பாவை எடுத்துக்கிட்டு வேற ரூமுக்குப் போயிருவா.

ஒரு நாள் நானே கேட்டேன். ஏம்மா, அப்பா என்ன வேணும்னா செஞ்சேன்னு. அவ சொன்னா, "மாட்டினதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலப்பா. நான் கேட்டப்ப இல்லன்னு சொன்னீங்களே." அதையே பிடிச்சுக்கிட்டு நிக்கா. மாட்டினது தப்பு இல்லையாம், சொன்னதுதான் தப்பாம். என்ன நியாயம் இது?

அப்புறம் ஒரு மெக்கானிக் வந்தான். வெள்ளைக்காரப் பையன். நான் படியில உக்காந்து பாத்தேன். மெயினை நிறுத்தினான். ஒரு பூட்டைப் போட்டான். டெஸ்டரை வெச்சு ரெண்டு தடவை பாத்தான். ஒவ்வொரு வயரையும் போட்டோ எடுத்தான், சீட்டு ஒட்டினான். நான் ஒரு மணி நேரத்துல செஞ்ச வேலைக்கு அரை நாள் எடுத்துக்கிட்டான். நான் சுத்தின கம்பி இழையை உள்ளங்கையில வெச்சு மாப்பிள்ளைகிட்ட காட்டினான். மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினாரு. மாமா, காபி குடிக்கிறீங்களான்னு கேட்டாரு. அவர் அப்படித்தான். சத்தம் போட்டிருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும்.

செண்பகத்துகிட்ட கேட்டேன். ஆஸ்பத்திரியில இருந்து வந்த மறுநாள், சமையக்கட்டுல. முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவளாடி நீ, அத்தனை பேரு முன்னாடி என்னைக் கழுத்தறுத்துட்டியேன்னு. அவ பாத்திரத்தைத் துடைச்சுக்கிட்டே சொன்னா.

"மூணு தடவை கேட்டா. மூணு தடவையும் நீங்க சொல்லிருவீங்க, சொல்லிருவீங்கன்னு உங்க வாயைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அதுக்கு மேல என்னால முடியல."

அவ்வளவுதான். மன்னிப்புன்னு ஒரு வார்த்தை கிடையாது. அழுகை கிடையாது. அன்னையில இருந்து சாப்பாடு போடுவா, துணி துவைச்சுப் போடுவா, மாத்திரை எடுத்து வெப்பா. பேச்சு மட்டும் இல்ல. புருஷன் வேணுமா, பேத்தி வேணுமான்னு வந்தா ஒரு நிமிஷமாவது யோசிக்க வேண்டாமா? யோசிக்கவே இல்ல சார். மாஸ்க்கைக் கழட்ட ஆன நேரந்தான்.

இது சாத்தூரா? இன்னும் கொஞ்ச நேரந்தான்.

இன்னொண்ணு இருக்கு. இதை நான் யார்கிட்டயும் சொல்லல. நீங்க இறங்கிப் போயிருவீங்க, நான் இறங்கிப் போயிருவேன், அதனால சொல்றேன். அந்த விஷக்காத்து வந்தா கத்துறதுக்குன்னு ஒரு அலாரம் உண்டு. பேஸ்மென்ட் சுவத்துல மாட்டியிருந்துச்சு. ஃபயர் சர்வீஸ்காரங்க அதைக் கழட்டிப் பாத்தாங்க. உள்ள பேட்டரி இல்ல. மாப்பிள்ளை இடிஞ்சு போயிட்டாரு. பாப்பா தொட்டில் ஆட்டுற மிஷினுக்கு பேட்டரி இல்லாம நான்தான் இதுல இருந்து எடுத்தேன் போல, திரும்பப் போட மறந்துட்டேன் போல, என் பிள்ளைக்கு நானே எமனாயிருப்பேனேன்னு ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து அழுதாரு. வளந்த மனுஷன் சார். நான்தான் தோளைத் தட்டி, விடுங்க மாப்பிள்ளை, மனுஷனுக்கு மறதி வர்றதுதான்னு ஆறுதல் சொன்னேன்.

அவர் எடுக்கல. நான்தான் எடுத்தேன். வியாழக்கிழமை ரெண்டாம் தடவை கீழ போனேன்னு சொன்னேனே, அப்ப அது கத்துச்சு. நாலு கத்து, கொஞ்சம் நிறுத்தி, திரும்ப நாலு கத்து. மேல செண்பகம் மிக்ஸி ஓட்டிக்கிட்டு இருந்தா, கேக்கல. மிக்ஸி நின்னா கேட்டுரும். அரசி எந்திரிச்சு என்னன்னு பாக்க வந்தா, கதவு திறந்து கிடக்கிறதைப் பாத்துருவா. உங்க அப்பா பிரமாதம்னு மாப்பிள்ளை சொல்லி ஒரு நாள்கூட ஆகல. பேட்டரி தீர்ந்தாத்தான் அது கத்தும்னு நினைச்சேன் சார். நிஜமா அப்படித்தான் நினைச்சேன். அப்படித்தான் நினைச்சேன்னு நினைக்கிறேன். ரெண்டு பேட்டரியையும் உருவி ஸ்வெட்டர் பையில போட்டுக்கிட்டேன்.

இப்ப மாப்பிள்ளை ஒவ்வொரு மாடிக்கும் ஒரு அலாரம் மாட்டியிருக்காரு. ஞாயிற்றுக்கிழமை தவறாம ஒவ்வொண்ணா அமுக்கிப் பாக்காரு. அவர் அமுக்கும்போது அரசி அவர் முதுகுல கையை வெச்சுக்கிட்டு நிப்பா. அவங்களே ஒரு மாதிரி ஆறிக்கிட்டு வர்றாங்க. அதுல போயி நான் இதைச் சொல்லி என்ன ஆகப் போகுது? சொன்னா யாருக்கு லாபம்? நீங்க வெளிய பாக்க ஆரம்பிச்சுட்டீங்க. சரி. ஜன்னல் பக்கம் வெயில் அடிச்சா இப்படி உக்காருங்க.

கிளம்புற அன்னைக்குப் பெட்டியெல்லாம் செண்பகம்தான் கட்டினா, அந்த ஸ்வெட்டரையும் அவதான் பையெல்லாம் பாத்து மடிச்சு வெச்சா. எது எங்க இருக்குன்னு ஒரு தாள்ல எழுதி மேல வெச்சிருந்தா. வாசல்ல மாப்பிள்ளை காரை எடுத்துக்கிட்டு நிக்காரு. அரசி மாடியில இருந்து இறங்கல. செண்பகம் மட்டும் கதவு வரைக்கும் வந்தா. அத்தனை நாளைக்கு அப்புறம் அப்பத்தான் வாயைத் திறந்தா.

"வேற ஏதாவது சொல்லணுமா?"

என்னமோ மாதிரி இருந்துச்சு சார் அவ கேட்டது. கண்ணு எடுக்காம என் வாயையே பாக்கா.

"என்ன இருக்கு சொல்ல? உடம்பைப் பாத்துக்க. ரெண்டு மாசம் ஆனதும் வந்துரு"ன்னேன்.

அவ கொஞ்ச நேரம் நின்னா. மாப்பிள்ளை ஹாரன்கூட அடிக்கல, எனக்கு அதுவே ரொம்ப நேரம் மாதிரி இருந்துச்சு. அப்புறம் கதவைச் சாத்திட்டா. நான் படியில இருந்து இறங்கக்கூட இல்ல, அதுக்குள்ள சாத்திட்டா.

வெளிய அவ்வளவு பனி சார். பச்சப் பிள்ளை இருக்கிற வீடு. குளிர் உள்ள வந்துரும்னுதான் சாத்தியிருப்பா. இல்லையா?